காந்தம் கைவிட்ட சாம்பல்

அத்தியாயம் 4

இரண்டாவது கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, எல்லப்பனின் காதை உரசி, பால் காய்ச்சும் குண்டாவில் போய் விழுந்தது. முதல் கல் தங்கையாவின் புருவத்தை ஏற்கெனவே கிழித்திருந்தது. மூன்றாவது கல்லுக்காகக் காத்திருக்க எல்லப்பனுக்கு ஆசையில்லை. அங்கிருந்த மேஜையைத் தூக்கி ஜன்னலில் சாத்தினான்.

"ஏனுங்க மேடம், நான் பேசாம கண்டக்டர் வேலையிலயே இருந்திருக்கலாம். மேட்டுப்பாளையம் ஊட்டி பஸ்சுல வாந்திதான் எடுப்பாங்க. யாரும் கல்லெடுக்க மாட்டாங்க."

எல்லப்பனின் முதலாளி ராஜப்ரியா, கோயமுத்தூரில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள், ஒரு காலத்தில் போலீஸ் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவள், இப்போது கதவுத் தாழ்ப்பாளுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். வெளியிலிருந்து யாரோ உதைக்க உதைக்க அவள் தோள் குலுங்கியது.

நீலகிரியில் ஜெகதளாவுக்கு மேலே இருக்கும் முகில்பாறை எஸ்டேட்டில், தொழிலாளிகளின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அதை இன்னும் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்கின்றன. இன்றைக்கு அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை. தொட்டில்களுக்கு நடுவே எஸ்டேட்டின் டீ ஃபேக்டரித் தொழிலாளி தங்கையா ரத்தம் ஒழுகக் கிடந்தான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி வனிதா உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஆயா ராமாத்தாள் விளக்கிய பாத்திரங்களையே திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கீர்த்தனாவால் வந்தது. பாவம், அவளைச் சொல்லி என்ன? டீ ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்டோர் ரூமை வாடகைக்கு எடுத்து, சாயக் கழிவு கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்ய, காந்தத்தில் ஒட்டும் ஒரு கறுப்புப் பொடியைச் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண். சாயங்காலமானால் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். நேற்று மத்தியானம் ராஜப்ரியாவுக்குப் போன் செய்து, தன் பொடி இந்த ஃபேக்டரியின் டீத்தூளிலிருந்தே சாயத்தைப் பிடித்து இழுத்து வருகிறது, கலப்படம் நடக்கிறது, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள், கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டிருந்தாள். நாளைக் காலையில் வருகிறேன் என்று ராஜப்ரியா சொன்னாள். சொன்னபடி வந்தாள். கீர்த்தனா மண்டை நொறுங்கித் தரையில் கிடந்தாள். பக்கத்தில் கிடந்த இரும்பு ஸ்டாண்டின் ரத்தம், நேற்றுச் சாயங்காலமே உயிர் போயிருக்கும் என்று சொல்லும்படி காய்ந்திருந்தது.

"நேத்தே கிளம்பியிருக்கணும் எல்லப்பா" என்று ராஜப்ரியா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்க எல்லப்பனுக்கே பயமாக இருந்தது.

சாவதற்கு முன் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. கறுப்புக் கரைசல் இருந்த பெரிய ஜாடியைத் தூக்கி எதிரில் நின்றவன் மேல் வீசியிருக்கிறாள். சுவரெல்லாம் கறுப்பு. நடுவில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. அந்த ஆள் அகலக் கறுப்பை வந்தவன் தன் உடுப்பில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் என்பதற்குத் துப்பறியும் மூளை வேண்டியதில்லை. ஊர்ச் சனங்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். யார் சட்டையில் கறுப்பு? தங்கையா சட்டையில் கறுப்பு. காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறதா? ஒட்டுகிறது. அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

முதல் அடியை அடித்தவன் இசக்கி. வனிதாவின் கூடப்பிறந்த அண்ணன். அவனுடைய மகளும் கீர்த்தனாவிடம் படித்தவள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள்; இங்கே அடித்ததே அண்ணன்தான். விறகுக் கட்டையால் வாயிலேயே ஒன்று போட்டான். தங்கையாவின் முன்பல் இரண்டும் சேற்றில் விழுந்தன. வனிதா குனிந்து அவற்றைப் பொறுக்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டதை எல்லப்பன் பார்த்தான்.

ராஜப்ரியாதான் நடுவில் புகுந்து, இரண்டு பேருக்குத் தோளில் இடியும் ஒருத்தனுக்கு முழங்காலில் உதையும் கொடுத்து, தங்கையாவை இங்கே இழுத்துப் போட்டுத் தாழிட்டாள். போலீஸ் ஜீப் கீழே மண்சரிவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மண்ணை அள்ளுகிறார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லியாயிற்று. சமாளிக்கிற கதவோ பலாமரக் கதவு இல்லை. கீல் ஏற்கெனவே ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது.

உதை நின்றது. மரியாதையாக ஒரு தட்டல் கேட்டது.

"நான் பாலசுப்பிரமணியமுங்க. டீ மேக்கர். பேசத்தான் வந்திருக்கேனுங்க."

ஃபேக்டரிக்குள் டீ மேக்கர் சொன்னதுதான் சட்டம். இலை வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரைக்கும் அவர் கண்ணசைவில் நடக்கும். ராஜப்ரியா கதவை ஒரு சாண் திறந்து அவரை உள்ளே விட்டாள். நெற்றியில் விபூதி, கழுத்தில் மஃப்ளர், வெறும் சட்டை. கையில் சாக்கில் சுற்றிய ஒரு கனமான தண்டு. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்த எல்லப்பனுக்கு அவரைப் பார்த்ததும் பொறாமை வந்தது.

"ஏனுங்க சார், இந்தக் குளிர்ல வெறும் சட்டையா? உள்ளாற விறகு போட்டு எரிச்சுட்டு வந்தீங்களா?"

அவர் சிரித்தார். மலையில் பாதி ஆயுசு போயிற்று, குளிரெல்லாம் பழகிவிட்டது என்றார். பிறகு தண்டைக் கீழே வைத்துச் சாக்கைப் பிரித்தார். அது சலிப்பறையில் டீத்தூள் ஓடும் பெல்ட்டுக்கு மேலே மாட்டியிருக்கும் காந்தத் தண்டு. இயந்திரம் தேய்ந்து தூளில் விழும் இரும்புப் பொடியை அது பிடித்துவிடும்; ஒவ்வொரு ஷிஃப்டிலும் அதைத் துடைப்பது தங்கையாவின் வேலை. தண்டின் பலம் தெரியாமல் எல்லப்பன் கிட்டே போக, அவன் கையிலிருந்த இரும்புக் காப்பு டங்கென்று அதில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"கோயமுத்தூர்ல ஒருத்தியும் என் கையப் பிடிக்கல. இது பிடிச்சிருச்சு."

பாலசுப்பிரமணியம் தணிந்த குரலில், சனங்கள் வெறியில் இருக்கிறார்கள், மண்ணெண்ணெய் கொண்டு வர ஆள் போயிருக்கிறது, இவனை ஒப்படைத்துவிட்டால் மற்ற நாலு பேர் உயிராவது மிஞ்சும் என்றார். சாட்சிக்குத்தான் காந்தத்தையே கொண்டு வந்திருப்பதாகவும் சொன்னார். வனிதா புருஷனின் தலையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கொண்டு வந்தது நல்லதாப் போச்சுங்க" என்றாள் ராஜப்ரியா.

ஒரு பழைய காகிதத்தை எடுத்து, தங்கையாவின் சட்டைக் கறுப்பை அதில் தட்டினாள். காகிதத்துக்கு அடியில் தண்டைக் காட்டியதும் பொடி முள் முள்ளாக எழுந்து நின்றது. தண்டை அகற்றினாள். காகிதத்தைச் சுண்டினாள். பொடி உதிரவில்லை, ஒன்றோடொன்று கை கோத்துக் கொத்துக் கொத்தாகவே கிடந்தது. அடுத்து, கீர்த்தனாவின் மேஜையிலிருந்து தான் மடித்து எடுத்து வந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அந்தப் பொடியும் காந்தத்துக்கு எழுந்தது, இன்னும் வேகமாக. ஆனால் காந்தத்தை எடுத்த கணத்தில் அப்படியே படுத்துவிட்டது. சுண்டியதும் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி பரவியது.

"பார்த்துக்க எல்லப்பா. ரெண்டும் இரும்புச் சாதிதான். தங்கையா சட்டையில இருக்கறது இயந்திரம் தேஞ்ச பொடி, பெரிய துகள். காந்தம் போன பின்னாடியும் அதுக்குக் காந்தத்தோட ஞாபகம் இருக்கும். கீர்த்தனா செஞ்சது இரும்பு ஆக்சைடு, கண்ணுக்கே தெரியாத நானோ துகள். காந்தம் இருக்கற வரைக்கும் ஓடி வரும். போனதும் சுத்தமா மறந்துரும்."

"எங்க ஊரு எம்.எல்.ஏ. மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான். ஆக, தங்கையா அந்த ரூம் பக்கமே போகல."

தங்கையா ஒரு கண்ணைத் திறந்தான். மற்றது வீங்கி மூடியிருந்தது. பாலசுப்பிரமணியம், மேடம் சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் வெளியே நிற்பவர்களுக்கு ஞாபகமும் மறதியும் புரியாது என்றார். கறுப்பு இருக்கிறது, காந்தம் இழுக்கிறது, அவர்களுக்கு அது போதும். வேறு ஒருத்தன் உடுப்பில் கறுப்பைக் காட்டினால்தான் இவனை விடுவார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

கதவில் மறுபடியும் இடி விழுந்தது. மேல் கீல் தெறித்தது. எல்லப்பன் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது ராமாத்தாளின் கைகள் கண்ணில் பட்டன. விரலெல்லாம் சிவப்பு.

"மேடம், ஆயா கையில ரத்தம்."

ராமாத்தாள் மலங்க மலங்க விழித்தாள். ரத்தம் இல்லை என்றாள். பாத்திரம் விளக்கும் சாம்பல்தான் இன்றைக்கு என்னவோ இப்படி இருக்கிறது. ஃபேக்டரியில் டீ உலர்த்தும் பெரிய அடுப்பிலிருந்து வாரும் விறகுச் சாம்பலைக் காலையில் ஒரு சட்டி அள்ளி வருவது இந்த எஸ்டேட்டில் தொன்றுதொட்டு வழக்கம். லைனில் பாதி வீடு அந்தச் சாம்பலில்தான் விளக்குகிறது. "எப்பவும் வெள்ளையாத்தேன் இருக்கும். இன்னிக்கு அடுப்பு வாய்ப் பக்கத்துச் சாம்பல் மட்டும் செங்கல் பொடியாட்டம் செவந்து கெடந்துச்சு தாயி. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்குறேன், சிவப்புப் போகவே மாட்டேங்குது."

ராஜப்ரியா சட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, காந்தத் தண்டைச் சாம்பலுக்குள் விட்டுக் கிளறினாள். வெளியே எடுத்தாள். ஒரு பொட்டுச் சிவப்பும் ஒட்டவில்லை.

"இழுக்கலைங்களே" என்றார் பாலசுப்பிரமணியம். "அப்ப அது அந்தப் புள்ளையோட பொடி இல்லைங்க. வீணா நேரத்தைக் கடத்தாதீங்க."

எல்லப்பனுக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. ராஜப்ரியாவோ நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் அறிவான். அடுத்த வாரம் ஜெயிலில் இருக்கப் போகிறவர்களை மட்டுமே அவள் அப்படிப் பார்ப்பாள்.

"கதவைத் திற எல்லப்பா."

"மேடம், அவங்க காபி குடிக்க வரலைங்க."

"திற. முன்னால இசக்கி வரட்டும்."

திறந்தான். தள்ளிக்கொண்டு வந்த கூட்டத்தின் முன்னால் இசக்கி விறகுக் கட்டையோடு நின்றான். ஆள் வாட்டசாட்டம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுதிருந்தான். ராஜப்ரியா தங்கையாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். என்னை அடித்துவிட்டு அவனை அடி, அதற்கு முன்னால் நான் செய்வதை எல்லாரும் ஒரு தடவை பாருங்கள் என்றாள். பிறகு கீர்த்தனாவின் கறுப்புப் பொடி காந்தத்துக்கு எழுவதைக் காட்டிவிட்டு, அதை ஒரு இரும்புக் கரண்டியில் கொட்டி, பால் காய்ச்சும் அடுப்புத் தணலில் கரண்டியை வைத்தாள். ராமாத்தாள் ஊத, தணல் கனகனவென்று எரிந்தது. மண்ணெண்ணெய் டின்னோடு வந்தவனும் டின்னைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

கறுப்பு முதலில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்லச் சிவந்தது. கரண்டியை ஆறவைத்துச் சட்டிச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொட்டியபோது இரண்டும் ஒரே நிறம். தண்டைக் காட்டினாள். எதுவும் அசையவில்லை.

"சூடு ஏறினா இந்தப் பொடி வேற ஆக்சைடா மாறிரும். காந்தம் அதைக் கைவிட்டுரும். கறுப்பான உடுப்பு எரிஞ்சு போனா தடயம் போச்சுன்னு கொன்னவன் அதை அடுப்புல போட்டான். கறுப்புப் போய் இப்படிச் சிவக்கும்னு அவன் யோசிக்கல. நேத்துச் சாயங்காலம் ஃபேக்டரி அடுப்புப் பக்கத்துல யாரு இருந்தது?"

எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. ஃபேக்டரி அடுப்புக்கு விறகு போடுகிறவன் இசக்கி. அவனைத் தவிர வேறு யாரும் அந்த அடுப்பைத் தொடக்கூடாது.

பின்னாலிருந்து ஒரு தடி அவன் முட்டியில் இறங்கியது. இசக்கி மடிந்து விழுந்தான். இன்னொருத்தன் அவன் முதுகில் மிதித்தான். சற்று முன் அவனோடு தோளோடு தோள் நின்று கதவை உதைத்த கால்கள்தான் அவை. தலையில் ஒரு அடி விழுந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. எல்லப்பன் கூட்டத்துக்குள் பாய்ந்து கையில் கிடைத்த தடியைப் பிடுங்கினான். வனிதா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் இல்ல" என்றான் இசக்கி, தரையில் முகம் அழுந்தியபடியே. "நேத்து நான் அடுப்புகிட்ட இல்ல. போய் டீ குடிச்சிட்டு வாடா, நான் பாத்துக்கறேன்னு டீமேக்கரய்யாதான் அனுப்புனாரு. அவரே விறகு போட்டாரு. லைன் பூராவும் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, நீங்க யாரும் கேக்கலையா?"

கேட்டிருந்தார்கள். டீ மேக்கர் தன் கையால் விறகு போட்டது முகில்பாறையில் யாரும் காணாத அதிசயம். இசக்கி அதை நேற்று ராத்திரி பெருமையோடு வீடு வீடாகச் சொல்லியிருந்தான். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"ஐயாவோட பச்சை ஸ்வெட்டர் எங்க?" என்று கேட்டாள் ராமாத்தாள். ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாள். "குளிக்கறப்பத் தவிர அதைக் கழட்ட மாட்டாரே."

பாலசுப்பிரமணியம் வாசற்பக்கம் நகர்ந்திருந்ததை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். பக்கத்தில் நின்றவன் இடுப்பிலிருந்து, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை அவர் உருவியதை எல்லப்பன் பார்த்தான், பார்த்துக் கையை நீட்டினான், நீட்டிய கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் திறந்துகொண்டது. சூடாக ஏதோ வழிந்த பிறகுதான் வலித்தது. மனுஷர் அதோடு நிற்கவில்லை. வாசலில் கூட்டம், உள்ளே வனிதா. அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, கத்தியை ஓங்கினார்.

"வழி விடுங்க. இல்லேன்னா இவளையும் அனுப்பிருவேன்."

ராஜப்ரியா காந்தத் தண்டை இரண்டு கையாலும் தூக்கி, இறங்கி வந்த கத்திக்குக் குறுக்கே வீசினாள். டங்கென்று ஒரு சத்தம். கத்தி தண்டில் ஒட்டிக்கொண்டது. அவர் இழுத்தார்; வரவில்லை. அவள் தண்டைத் திருகினாள். கத்திப் பிடியோடு அவர் மணிக்கட்டும் திரும்பி, காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தது. அடுத்த அடி அவர் முழங்காலில் விழுந்தது. மூன்றாவதை அவள் ஓங்கியபோது எல்லப்பன் பயந்துபோனான். அது தலைக்குப் போகிற அடி. கீர்த்தனாவுக்கு விழுந்த அதே இடத்துக்கு.

"மேடம்" என்றான். அதற்கு மேல் ஒரு நக்கலும் அவன் வாயில் வரவில்லை.

தண்டு பாதி வழியில் நின்றது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அதைக் கீழே இறக்கினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். காந்தம் இழுக்கவில்லை, ஆகவே கீர்த்தனாவின் பொடி இல்லை என்று அவ்வளவு அவசரமாக அவர் சொல்லியிருக்க வேண்டாம். சிவப்புச் சாம்பல் அந்தக் கறுப்புப் பொடியாக இருக்கலாம் என்று ராஜப்ரியா வாய் திறந்து சொல்லவே இல்லை. சலிப்பறைக்கு வரும் முன்பே டீத்தூளில் சாயத்தைக் கலந்தவரும், அதைக் கண்டுபிடித்த பெண்ணின் மண்டையில் ஸ்டாண்டை இறக்கியவரும் அவரேதான் என்பதை இப்போது அவர் முனகலே சொல்லிவிட்டது. சாகவா சொன்னேன், வாயை மூடிக்கொண்டு போகத்தானே சொன்னேன் என்று தரையில் புரண்டு அழுதார்.

கூட்டம் உறுமியது. மண்ணெண்ணெய் டின்னை யாரோ மறுபடியும் தூக்கினார்கள். ராஜப்ரியா தங்கையாவுக்கு முன்னால் நின்ற அதே மாதிரி இப்போது பாலசுப்பிரமணியத்துக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"காலையில ஒருத்தனை இப்படித்தான் கொல்லப் பாத்தீங்க. உங்க தீர்ப்பை ஒரு தடவை பாத்தாச்சு. வெளிய போங்க."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வெளியே போனார்கள். எல்லப்பன் நல்ல கையால் கதவைச் சாத்தினான். ராமாத்தாள் அவன் மறு கையில் தொட்டில் துணியைக் கிழித்துக் கட்டினாள். கொன்றவனும், கொல்லப்படவிருந்தவனும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். கீழே எங்கோ ஜீப்பின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஜன்னலில் சாத்தியிருந்த மேஜை மெல்ல நகர்ந்தது. உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கியின் முகம். நெற்றி ரத்தம் மூக்கில் வந்து சொட்டியது. அவன் தங்கையாவைப் பார்த்தான். மச்சான் என்று கூப்பிட வாயெடுத்துவிட்டு, தங்கச்சி பக்கம் திரும்பினான். நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே தூக்கிக்கொண்டு போவதாகவும், காலம் பூராவும் காலடியில் கிடப்பதாகவும் தங்கச்சியிடம் என்னென்னவோ சொன்னான்.

வனிதா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மண்ணும் ரத்தமும் காய்ந்திருந்த அந்த இரண்டு பல்லையும் அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கி மூடினாள்.

"வச்சிக்க. நீ மறந்துறக் கூடாது."

பிறகு மேஜையை இழுத்து ஜன்னலை மூடிவிட்டு, புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.